10 மீட்டர் எயார் பிஸ்டல்: குண்டுகள் கீழே இடப்பக்கம் போகின்றன, உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. நாங்கள் ஹட்டன் பக்கம். மகள் பாடசாலை அணியில் எயார் பிஸ்டல் சுடுகிறாள், வலக்கை. 10 புள்ளி வளையம் வெறும் 11.5 மில்லிமீட்டர்தான். அவளுடைய குண்டுகளோ கூட்டமாகக் கீழே இடப்பக்கம், 7, 8 வளையங்களில் விழுகின்றன.

சைட்டை, அதாவது குறிபார்க்கும் பாகத்தை, திருப்பினால் சரியாகும் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே பிஸ்டலை அணியிலுள்ள இன்னொரு பிள்ளை சுட்டால் நடுவில்தான் விழுகிறது. ட்ரிகரை இழுக்கும் விதத்தில்தான் பிழை என்று நினைக்கிறேன். விரல் நேராகப் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளினாலோ, கடைசி நொடியில் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகினாலோ வலக்கைக்காரருக்குக் குண்டு இப்படித்தான் போகுமாம். பார்வை முன் சைட்டை விட்டு இலக்குக்குத் தாவுகிறதோ என்ற சந்தேகமும் உண்டு. முன் சைட் தெளிவாகவும் இலக்கு மங்கலாகவும் தெரிய வேண்டும் அல்லவா? அப்புறம் காலைக் குளிரில் விரல் மரத்துப்போவது வேறு.

பிஸ்டல் சுட்டுப் பழகிய அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். குண்டு போடாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரிகர் பழகுவது எந்த அளவுக்குப் பலன் தரும்? பயிற்சியில் அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? ட்ரிகரில் விரலின் எந்தப் பகுதி பட வேண்டும்? அவளுக்குச் சிறிய கை, பிடி பெரிதாக இருப்பதும் காரணமாகுமா? ட்ரிகர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான விசை, 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. எங்களுடையது அதைவிட நன்றாக இறுக்கமாகத் தெரிகிறது, அதைப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர் நுவரெலியாவிலோ கண்டியிலோ இருந்தால் தயவுசெய்து அறியத்தாருங்கள். பிள்ளை மிகவும் ஆசையோடு பழகுகிறாள்.