மார்கழியில் காரில் ஸ்ரீரங்கம், சிதம்பரம், திருவையாறு: ஒரே சுற்றில் முடியுமா?

பென்ஷன்பயணி கேட்டது:
சென்னையிலிருந்து சொந்தக் காரில் நானும் வீட்டம்மாவும் கிளம்பலாம் என்றிருக்கிறோம். எனக்கு 67, அவருக்கு 63, முழங்கால் தேய்மானம் உண்டு. கையில் 12 நாள். ஒரு நாளைக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓட்டுவதில்லை. சொர்க்கவாசல், ஆருத்ரா தரிசனம், தியாகராஜர் ஆராதனை மூன்றையும் ஒரே போக்கில் பார்க்க முடியுமா? பொங்கலையும் சேர்த்துக்கொள்ளலாமா? எங்கே தங்குவது, வண்டியை எங்கே விடுவது என்பதுதான் பெரிய கவலை.

கொள்ளிடம்வடகரை:
தேதிகள் ஒட்டி வருகிற வருஷத்தில் தாராளமாக முடியும் சார். பல வருஷங்களில் மூன்றும் ஒரே நிலாக் கணக்கில் அடுத்தடுத்து வரும், சில வருஷம் ஆராதனை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போகும். வளர்பிறை ஏகாதசியில் (வைகுண்ட ஏகாதசி) ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல், பௌர்ணமியை ஒட்டித் திருவாதிரையில் சிதம்பரத்தில் ஆருத்ரா, அது தாண்டிய பஞ்சமியில் திருவையாற்றில் ஆராதனை. 2025இல் ஜனவரி 10, 13, 18. அதற்கு அடுத்த முறை 2025 டிசம்பர் 30, 2026 ஜனவரி 3, 7. இரண்டு தடவையும் முதலுக்கும் கடைசிக்கும் எட்டு நாள்தான் இடைவெளி. அப்படி வரும் வருஷத்தில் ஸ்ரீரங்கம், சிதம்பரம், தஞ்சாவூர் என்ற வரிசை தானாகவே அமைந்துவிடும்.

போன வருஷத் தேதியை வைத்து மட்டும் அறை போட்டுவிடாதீர்கள். 2024இல் வைகுண்ட ஏகாதசியே வரவில்லை, 2025இல் இரண்டு வந்தன. ஸ்ரீரங்கத்துக்குத் தனிக் கணக்கும் உண்டு: 2021இல் அங்கே டிசம்பர் 14 அன்றே திறந்துவிட்டார்கள், மற்ற கோயில்களில் 2022 ஜனவரி 13. கோயில் அறிவிப்பு வந்தபிறகு பணம் கட்டுங்கள்.

ஏகாதசி விடியற்காலைக் கூட்டத்தில் முழங்கால் வலியோடு நிற்பது வேண்டாம் என்பேன். அன்றிலிருந்து ராப்பத்து என்ற பத்து நாள் உற்சவம் தொடங்குகிறது. வேடுபறி (திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்த கதையை நடத்திக்காட்டும் நாள்) மாதிரி ஓரிரு நாள் தவிர, அந்தப் பத்து நாளும் பரமபத வாசல், அதாவது சொர்க்கவாசல், உண்டு. மூன்றாம் நாள் போனால் அதே வாசல், கூட்டம் மட்டும் குறைவு. இல்லையென்றால் ஏகாதசிக்கு முதல் நாள், அதற்கு முந்தைய பத்து நாள் உற்சவமான பகல்பத்தின் கடைசியில், மோகினி அலங்காரம் பாருங்கள்.

சென்னை–திருச்சி சுமார் 330 கி.மீ. உங்கள் கணக்குக்கு விழுப்புரத்தில் ஒரு ராத்திரி தங்கல். ஸ்ரீரங்கத்திலிருந்து சிதம்பரத்துக்குத் தஞ்சாவூர், கும்பகோணம் ஊர் நெரிசலுக்குள் போகவேண்டியதில்லை. லால்குடி, கீழப்பழுவூர், ஜெயங்கொண்டம் வழியில் போனால் கங்கைகொண்ட சோழபுரம் பாதையிலேயே இருக்கிறது. மதியம் நடை சாத்துவதற்குள் போய்ச் சேருங்கள். கீழப்பழுவூரை ஒட்டிய கரைவெட்டி ஏரிக்கு இந்த மாதங்களில்தான் வரித்தலை வாத்து வரும். பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோவில் தாண்டினால் வீராணம் ஏரிக்கரை, மழை நன்றாகப் பெய்திருந்தால் தண்ணீர் தளும்பும்.

தில்லைவீதி:
சிதம்பரத்தில் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று. தேர்வீதியிலேயே அறை எடுத்து, லாட்ஜ் வாசலில் காரை விட்டுவிடுவது. ஆருத்ரா திருவிழாவின் ஒன்பதாம் நாள் ஐந்து தேரும் நான்கு வீதியும் சுற்றும். அன்று காலை முதல் தேர் நிலைக்கு வரும்வரை கார் நகராது. கோயில் கிட்டேயே தங்குங்கள், ஆனால் முதல் நாள் மாலையே வண்டியை வீதிகளுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். மருந்துப் பெட்டி காரிலேயே தங்கிவிடக் கூடாது.

ஆருத்ராவில் அபிஷேகமும் தரிசனமும் வேறு வேறு நேரம். தேர் முடிந்ததும் நடராஜர் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போகிறார். மகாபிஷேகம் விடியலுக்கு முன்பே தொடங்கும், தரிசனம் என்பது பிற்பகலில் சுவாமி சிற்சபைக்கு (நடராஜர் சந்நிதி) திரும்பும்போது. இரண்டிலும் தள்ளுமுள்ளு அதிகம், தரையும் ஈரமாக இருக்கும். உங்கள் வீட்டம்மாவுக்குத் தேர்தான் சரி: மடக்கு நாற்காலி போட்டு வீதியோரத்தில் உட்கார்ந்தால் மூலவரே எதிரில் வருவார். மூலவரே தேர் ஏறுவது அங்கே வருஷத்துக்கு இரண்டு தடவைதான், இன்னொன்று ஆனியில். தேருக்கு மறுநாள் கூட்டத்தைத் தவிர்த்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போய்விடலாம், 15 கி.மீ. சுமார்.

நான்குசக்கரம்:
விழாவைச் சொல்லிவிட்டார்கள், நான் ரோட்டைச் சொல்கிறேன். டெல்டாவில் காலை எட்டு மணிக்கு முன் வண்டி எடுக்காதீர்கள். பனி ஒரு காரணம். கிராமத் தெருக்களில் ஐந்து, ஐந்தரைக்கே பெண்கள் வாசலில் குனிந்து கோலம் போடுவார்கள். பல வீடுகளுக்கு வாசல் என்பதே தார்ரோட்டு ஓரம். ஹெட்லைட் வெளிச்சத்தில் வெள்ளைக் கோடுதான் முதலில் தெரியும், ஆள் அப்புறம்தான்.

பனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், லோபீம் போதும். கண்ணாடி மங்கினால் முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் உள்பக்கம் என்றால் ஏசி போட்டு, ரீசர்குலேஷனை (உள்காற்றையே சுற்றவிடும் பொத்தான்) அணைக்கவும். வெளிப்பக்கம் என்றால் ஏசியின் குளிர்தான் காரணம்: வைப்பர் ஒரு தடவை ஓட்டி, குளிரைக் குறைத்து, காற்று கண்ணாடியில் படாமல் திருப்பிவிடவும். பலர் இதை மாற்றிச் செய்து இன்னும் மங்கலாக்கிக்கொள்கிறார்கள்.

தை பிறக்கும் சமயம் சம்பா அறுவடை தொடங்கிவிடும். ரோட்டில் காயப்போட்ட நெல்மேல் பிரேக் அடித்தால் டயர் வழுக்கும். வைக்கோல்மேல் ஏறினால் அச்சில் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். ஏறவேண்டி வந்தால் உடனே ஓரங்கட்டி அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள். டிசம்பர் முதல் பாதி என்றால் புயல் எச்சரிக்கையும் பார்க்கணும், வடகிழக்குப் பருவமழை அப்போது முடிந்திருக்காது.

பென்ஷன்பயணி:
மிக்க நன்றி. பொங்கலும் ஆராதனையும்? இன்சுலின் வேறு இருக்கிறது.

கொள்ளிடம்வடகரை:
பொங்கல் சூரியக் கணக்கு, அதனால் மற்றதோடு ஒட்டி வராது. 2025 மாதிரி ஆருத்ராவுக்கும் ஆராதனைக்கும் நடுவில் விழுந்தால் யோகம். தஞ்சாவூரிலேயே தங்கி, மாட்டுப்பொங்கலன்று பெரிய கோயில் நந்திக்குக் காய்கறி, பழ அலங்காரம் பார்த்துவிடலாம். 2026 மாதிரி ஒரு வாரம் தள்ளிப் போனால் இழுத்துப் பிடிக்காமல் திரும்பிவிடுங்கள். காணும் பொங்கல் முடிந்து சென்னை திரும்புகிற கூட்டத்தில் விக்கிரவாண்டி டோலில் மாட்டினால் ஃபாஸ்டேக் இருந்தும் பயனில்லை.

ஆராதனைக்குத் திருவையாற்றில் தங்கவேண்டாம், தஞ்சாவூரிலிருந்து 13 கி.மீ.தான். வழியில் ஆற்றுப் பாலங்கள் குறுகல், எதிர்வண்டிக்கு நிற்கவேண்டி வரும். பஞ்சரத்னம், அதாவது தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள், ஒன்பது மணி வாக்கில் நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீ ராகத்தில் முடியும், ஒரு மணி நேரம் சொச்சம். ஏழுக்கே போய்விடுங்கள். பந்தலின் முன்பக்கம் எல்லாம் தரையில்தான் உட்காரணும். நாற்காலியோடு பந்தலின் பின்பக்க ஓரம் பிடியுங்கள், பாட்டு அங்கேயும் நன்றாகக் கேட்கும்.

இன்சுலினை நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். மார்கழியானாலும் மதிய வெயிலில் கதவு மூடிய கார் 30 டிகிரி தாண்டிவிடும். ஐஸ்கட்டி நேரடியாகப் படாமல் துணி சுற்றிய சின்னப் பையில், நீங்கள் இறங்கும்போது கூடவே இறங்கட்டும்.