மே மாதம் ராமநாதபுரம் கடற்கரை: பிள்ளைகளை எந்தக் கரையில் கடலில் இறக்கலாம்?

சேலம் வாசகி
வணக்கம். மே கடைசி வாரத்தில் ராமேஸ்வரம் பக்கம் நான்கு நாள் தங்க நினைக்கிறோம். நான், கணவர், தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். பிள்ளைகள் இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. ஆசை தீரத் தண்ணீரில் ஆட வேண்டும். உறவினர் ஒருவர் அங்கே கடல் அலையே இல்லாமல் கிடக்கும் என்கிறார். எதிர்வீட்டு அக்காவோ ஆடி மாதம் தனுஷ்கோடி போய், அலையைப் பார்த்துப் பயந்து திரும்பியதாகச் சொல்கிறார். யார் சொல்வதை நம்புவது? அறையை எங்கே எடுப்பது? முன்பணம் கட்டுவதற்குள் தெரிந்தால் நல்லது.

பாம்பன்காரன்
அக்கா, இருவர் சொன்னதும் உண்மைதான். அவர்கள் பார்த்தது வேறு வேறு கடல். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள். அதற்காக ஆண்டு முழுவதும் வடகடலை நம்பி இறங்கிவிட முடியாது. காற்றைத்தான் பார்க்க வேண்டும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகரையில் நிலம் காற்றை மறைப்பதால் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

மே கடைசியில் தென்மேற்குக் காற்று தலைகாட்டிவிடும். அதனால் நீங்கள் வடகரையைத்தான் பார்க்க வேண்டும். அரியமான் போங்கள். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருக்கிறது. சவுக்கு மரங்களின் நிழல் உண்டு, மாமியார் உட்கார்ந்திருக்கலாம். கரையோரம் ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். காலையிலேயே போய், வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுங்கள். மே மாத வெயில் இங்கே மணலையே கொதிக்க வைக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அரிச்சல்முனையில் பிள்ளைகளை இறக்காதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடம் அது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் நீரோட்டம் இழுக்கும், காலடி மணலும் நிலையாக நிற்காது. கரையில் நின்று பாருங்கள், அந்த நிறத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களையும் வழியில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கார் முனை வரை போகும். மாலையானதும் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள், மதியத்துக்கு முன்பே கிளம்புங்கள்.

உச்சிப்புளி ஆசிரியர்
கடல்தான் முக்கியம் என்றால் மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் தங்குங்கள். கோயிலுக்கு ஒரு நாள் போய் வரலாம். கோயிலைச் சுற்றி அறைகள் நிறைய உண்டு, கூட்டமும் இரைச்சலும் அதே அளவு உண்டு. அமாவாசையை ஒட்டிய நாட்களில் அறை கிடைப்பதே கடினம். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

அந்த ஒரு நாளில் தீவுக்கு ரயிலில் போங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து விரியும். புதியதில் அந்தப் பகுதி முழுவதும் செங்குத்தாக மேலே எழும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள்.

தொண்டி
படகு ஏற ஆசை இருந்தால் எங்கள் தொண்டிப் பக்கத்துக் காரங்காடு போங்கள். அலையாத்திக் காட்டுக்கு நடுவே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். குருசடைத் தீவும் அழகுதான், ஆனால் அது தென்கடலில் இருக்கிறது. காற்று பலமாக இருந்தால் படகு போகாது. அதை நம்பி ஒரு நாளை ஒதுக்காதீர்கள்.

சேலம் வாசகி
மிக்க நன்றி. அரியமான் என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு கேள்வி: மாமியாரால் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட முடியுமா? மீன்பிடித் தடைக்காலத்தில் நல்ல மீன் கிடைக்குமா?

பாம்பன்காரன்
தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கு மட்டும்தான். நாட்டுப்படகுகள் போகும், மீன் வரும். விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். மண்டபத்தில் காலையில் கரைக்கு வருவதைப் பார்த்து வாங்கி, தங்கும் இடத்தில் சமைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். நுங்கும் அப்போது நிறையக் கிடைக்கும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

தீர்த்தம் ஆட வேண்டாம் அக்கா. கிணற்றுக்குக் கிணறு நடக்க வேண்டும், தரை முழுக்க ஈரம், வழுக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது ஆபத்து. தீர்த்தம் ஆடாமலே நேராகத் தரிசனத்துக்குப் போகலாம். ஆசைப்பட்டால் அக்னி தீர்த்தக் கரையில் கையைப் பிடித்துக்கொண்டு கால் நனைத்து வரட்டும். மதியம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போங்கள்.

உச்சிப்புளி ஆசிரியர்
தண்ணீரில் சொறி மீன் (ஜெல்லி மீன்) மிதந்தால் பிள்ளைகளை உடனே கரையேற்றுங்கள். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. கடல் நீராலேயே கழுவி, எரிச்சல் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். இறங்குவதற்கு முன் கரையில் வலை உலர்த்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால், அன்றைக்குச் சொறி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.