கட்டுமானத்துக்கு முன் தோண்டும் குழி: சோதனைக்குழியா, நோட்டக்குழியா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மனையில் கட்டடம் எழும்புமுன், அடியில் தொல்லெச்சம் (பழங்கால மனிதர் விட்டுச்சென்ற தடயம்) உண்டா என்று அங்கங்கே தோண்டிப் பார்க்கும் வேலைக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் ‘சோதனை அகழாய்வு’ என்ற பெயரே போதும் என்பது இங்கே பலர் கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சென்னையில் மனைகளில் பெரும்பாலும் முதலில் நடப்பது சாயில் டெஸ்ட். துளை போட்டு, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பார்கள். சாலையோரம் கேபிளும் குடிநீர்க் குழாயும் எங்கே போகின்றன என்றறிய ட்ரையல் பிட் வெட்டுவார்கள். இரண்டுக்கும் தமிழில் ‘சோதனை’ என்ற சொல்தான் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. நம் குழிக்கும் அதே பெயர் வைத்தால் மேஸ்திரியும் ஜேசிபி ஓட்டுநரும் அஸ்திவார வேலை என்றே எடுத்துக்கொள்வார்கள். நகக்கண் அளவு கல்துண்டு வந்தால் யார் குனிந்து பார்ப்பார்கள்? தூத்துக்குடி வட்டாரத் தேரி மணலில் கிடைக்கும் கற்கால நுண்கற்கருவிகள் அந்த அளவுதான். பழைய செம்மணல் மேடுகளில் கிடந்த அவற்றைப் பற்றித் தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956-இல் விரிவாக எழுதினார்கள். சல்லடை இல்லாமல் அள்ளினால் ஒரு லாரி மண்ணோடு போய்விடும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் சொல் பிடிபடும். பிரான்சில் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசு கேட்டால் கட்டுமானத்துக்கு முன்பே தோண்டிப் பார்த்தாக வேண்டும். நிலம் முழுவதையும் தோண்டுவதில்லை. பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு. நீளவாட்டில் பள்ளங்கள் வெட்டுவார்கள். வெட்டுவது இயந்திரம்தான், ஆனால் அதன் வாளியில் பல் இருக்காது. சில சென்டிமீட்டர் கனத்துக்கு மண்ணைச் சீவிக்கொண்டே வரும். பக்கத்தில் தொல்லியலாளர் நின்று நிறமாற்றத்தைக் கவனிப்பார். கருகல், சிப்பி, உடைகல் ஏதாவது தென்பட்டால் இயந்திரம் நிற்கும், கொத்துக்கரண்டி இறங்கும். எச்சம் இருந்தால் முழு அகழாய்வு, அல்லது கட்டட வரைபடத்தில் மாற்றம். இல்லையென்றால் வேலை தொடரும்.

முன்கூட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே பிரான்சின் நீஸ் நகரத்திலுள்ள டெர்ரா அமாட்டா என்ற இடம் சாட்சி. 1966-இல் அடுக்குமாடிக்கு மண் வெட்டும்போதுதான் சுமார் நான்கு லட்சம் ஆண்டுப் பழைய கடற்கரைத் தங்குமிடம் வெளிப்பட்டது. தொல்லியலாளர் ஆன்றி த லும்லே அவசர அவசரமாகச் சில மாதங்களில் அகழ்ந்து முடித்தார். அந்தக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே 1976 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் ஊரும் சளைத்ததல்ல. 1863 மே 30-இல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டதே சரளை வெட்டிய குழியொன்றில்தான். ஆனால் 2010-இல் திருத்திய நினைவுச்சின்னச் சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறை என்பதோடு நிற்கிறது. சின்னம் என்று அறிவிக்கப்படாத மண்ணுக்கு அதில் இடமில்லை. கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி அளப்பதோ இன்றைய அலைவரம்பை. கற்கால மனிதனின் கரை வேறு இடத்தில் இருந்தது.

என் முன்மொழிவு ‘நோட்டக்குழி’. செயலுக்கு ‘நோட்ட அகழ்வு’. நாணயத்தின் தரம் பார்ப்பவரை நோட்டக்காரர் என்றோம். மதிப்பறிந்து, பிறகு முடிவெடுப்பது. இங்கேயும் அதுதான் வேலை.

பல்லாவரத்திலிருந்து

---

ஐயா, வணக்கம்.

விளக்கம் நன்று. ஆனால் ‘நோட்டம் விடுதல்’ என்றால் திருடன் வீட்டைச் சுற்றி வருவதுதான் நினைவுக்கு வரும். நிலத்துக்காரர் ஏற்கெனவே பயந்துபோயிருப்பார், நாம் வேறு நோட்டம் என்று போய் நிற்பதா? ‘பதக்குழி’ எப்படி? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லாருக்கும் தெரியும். அகழாய்வுத் தளத்தில் நாங்கள் ‘ஆய்வுக்குழி’ என்கிறோம்; அதோடும் இது மோதாது.

---

அம்மா, பதக்குழி காதுக்கு இனிமை. பொருள்தான் இடறுகிறது. பானைச் சோறு ஒரே சீராக வெந்திருக்கும், அதனால் ஒரு பருக்கை போதும். மண் அப்படியல்ல. ஒரு குழி கன்னிமண் (மனிதத் தடயமே இல்லாத அடிமண்) வரை வெறுமையாக இருக்கும், பத்தடி தள்ளி அடுப்புச் சாம்பல் கிடக்கும். ஒரு குழி தோண்டி ‘ஒன்றுமில்லை’ என்று கையெழுத்துப் போட விரும்புகிறவருக்கு அந்தப் பெயரே சாக்காகிவிடும். கட்டம் போட்டு நிலமெங்கும் பரவலாகத் தோண்ட வேண்டும் என்பதில் நாம் விட்டுக்கொடுக்கவே கூடாது.

திருட்டு வாடை ‘விடுதல்’ சேரும்போதுதான் வருகிறது. ‘நோட்டம் பார்த்தல்’ என்றால் இல்லை. ஆகவே வினையை எப்போதும் ‘பார்’ என்றே எழுதுவோம். நிலத்துக்காரருக்கான அறிவிப்பில் “கட்டுமானத்துக்கு முந்தைய தொல்லியல் நோட்ட அகழ்வு” என்று முழுப்பெயரைப் போடலாம். தளத்தில் பேசும்போது நோட்டக்குழி போதும். ‘ஆய்வுக்குழி’ முழு அகழாய்வுக்கே இருக்கட்டும்.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

நோட்டக்குழி – கட்டுமானத்துக்கு முன், தொல்லெச்சம் உண்டா, எவ்வளவு ஆழத்தில், எந்த நிலையில் என்றறிய, நிலப்பரப்பில் கட்டமிட்டுப் பல இடங்களில் கன்னிமண் வரை தோண்டும் குழிகளில் ஒன்று.

‘கன்னிமண் வரை’ என்பதை மணற்பாங்கான கடலோரத்துக்கு அப்படியே வைக்கலாமா? அங்கே ஊற்றுநீர் முன்னாலேயே ஏறிவிடுமே. தளத்தில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள், அதற்கேற்பத் திருத்திவிடுகிறேன்.