லோவ்சென் மலையிலிருந்து அண்ணன்

அண்ணன்: கப்பல் மாலை வரை மாண்டினீக்ரோ நாட்டின் கோட்டோர் துறைமுகத்தில் நிற்கும். எனக்கு லீவு, லோவ்சென் மலைக்கு வந்திருக்கிறேன். உச்சிக்குக் குகைப்பாதையில் 461 படி. கால் இன்னும் நடுங்குகிறது.

அம்மா: சாப்பிட்டாயா? மேலே கோயிலா?

அண்ணன்: சாப்பிட்டேன் அம்மா. ஒரு கிறிஸ்தவ ஆயருடைய (பிஷப்) கல்லறை. இரண்டாம் பீட்டர், இங்கே நியெகோஷ் என்றால்தான் தெரியும். 1830 முதல் 1851 வரை மாண்டினீக்ரோவின் அரசரும் அவர்தான், ஆயரும் அவர்தான்.

பெரியப்பா: ஆர்த்தடாக்ஸ் ஆயர்களுக்குக் கல்யாணம் கிடையாதே. வாரிசுக்கு என்ன செய்தார்கள்?

அண்ணன்: பெரியப்பாவிடமிருந்து தம்பி மகனுக்குப் போகும். உங்களிடமிருந்து எனக்கு வருகிற மாதிரி. இவருக்கும் பெரியப்பா முதலாம் பீட்டர் இறந்துதான் பட்டம் வந்தது. அப்போது 17 வயதுகூட நிறையவில்லை.

பெரியப்பா: அந்த வயதில் நாட்டையா?

அண்ணன்: அதுவும் வரி கட்டிப் பழகாத, ஒருவரையொருவர் பழிவாங்கிக்கொண்டிருந்த குலங்களை. 1833-இல் ரஷ்யா போய் முறைப்படி ஆயர் பட்டம் பெற்றார், அச்சு இயந்திரமும் வாங்கினார். அடுத்த வருஷம் செடின்யே ஊரில் பள்ளிக்கூடம் திறந்தார். அவர் இறந்த மறு வருஷம் துருக்கியரோடு போர். துப்பாக்கிக் குண்டுக்கு ஈயம் போதாமல் அந்த அச்சு எழுத்துகளை உருக்கிவிட்டார்கள்.

நான்: எழுத்தையா? படிக்கவே வலிக்கிறது அண்ணா. அவர் கவிஞர் இல்லையா?

அண்ணன்: ஆமாம், இங்கே பேசும் மொழியின் பெருங்கவி. ஆனால் 1847-இல் வியன்னாவில் வெளியான பெரிய படைப்பு, இஸ்லாமுக்கு மாறிய சொந்தச் சனங்களைக் கொல்வதைப் பற்றியது. கவிதைக்காக அதை மறக்க என்னால் முடியவில்லை.

அம்மா: எப்படிப் போனார்?

அண்ணன்: காசநோய் அம்மா, 37 வயது. இந்த உச்சியில் தானே ஒரு சின்னத் தேவாலயம் கட்டி, இங்கேதான் அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். உடலை மேலே கொண்டுவரவே 1855 ஆகிவிட்டது. முதல் உலகப் போரில் தேவாலயம் சிதைந்தது, 1925-இல் திரும்பக் கட்டினார்கள். அப்புறம் அதையும் இடித்துவிட்டு, 1974-இல் இந்தப் பெரிய மண்டபத்தைத் திறந்தார்கள்.

அம்மா: அவர் கேட்டது சின்னக் கோயில்தானே. அதையே விட்டிருக்கலாம்.

அண்ணன்: எனக்கும் மனசு கேட்கவில்லை. உள்ளே கறுப்புக் கல்லில் பெரிய சிலை, முதுகுக்குப் பின்னால் கழுகு, கூரை முழுக்கத் தங்க மொசைக். கல்லறை அதற்குக் கீழே ஒரு சின்ன அறையில். ஆளே இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

பெரியப்பா: எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

அண்ணன்: சரி பெரியப்பா. மறுபடி உள்ளே போகிறேன்.