சந்தேகத்தோட சண்டே ஸ்கூல் எடுக்கலாமா? எனக்கு ஒரு பதில் வேணும்

பசுமலைப்பொண்ணு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சபைல யார்கிட்டயும் இத கேக்க முடியல, அதான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

நாங்க சிஎஸ்ஐ, பசுமலை பக்கம். தாத்தா திருமங்கலம் சுத்துவட்டாரத்துல உபதேசியாரா இருந்தவுக, சைக்கிள்லயே ஊர் ஊரா போயி ஜெபம் நடத்துனதப் பத்தி இன்னைக்கும் பேசுவாக. அப்பா சபை கமிட்டில இருக்காக. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், ஞாயித்துக்கிழமை நாலாப்பு அஞ்சாப்பு பிள்ளைகளுக்கு சண்டே ஸ்கூல் எடுக்குறேன்.

கொஞ்ச மாசமாவே ஜெபம் பண்ணா அங்கிட்டு யாரும் கேக்குற மாதிரி தோணல. பெருசா ஒண்ணும் நடக்கல, வீட்ல சாவு இல்ல, நோய் நொடி இல்ல, யார் மேலயும் கோவமும் இல்ல, அதனாலயே இன்னும் பயமா இருக்கு. நான் மாசி வீதில ஒரு வீட்ல பொறந்திருந்தா மீனாட்சியத்தான கும்பிட்டிருப்பேன்னு ஒரு நினைப்பு வந்துச்சு, வந்தது போகவே மாட்டேங்குது. ஆபீஸ்ல ஒரு அக்கா வெள்ளிக்கிழமை தவறாம அம்மன் சன்னதில நின்னு அழுதுட்டு வரும், அந்த அழுகை பொய்யின்னு என்னால சொல்லவே முடியாது. சர்ச்ல விசுவாசப் பிரமாணம் சொல்றப்ப சரீரம் உயிர்த்தெழுதல்னு வர்ற இடத்துல என் வாய் தானா நின்னுருது.

போன வாரம் பாடம் "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்". ஒரு பையன் எந்திரிச்சு "கேட்டும் குடுக்கலன்னா என்னக்கா"ன்னான். பாட புத்தகத்துல உள்ளபடி கர்த்தருடைய வேளைக்கு காத்திருக்கணும்னு சொன்னேன். அவன் சரின்னு உக்காந்துட்டான். ஆனா நான் சொன்னத நானே நம்பல. இது பொய் சொல்றதா இல்லையா? கிளாஸ விட்டுறணுமா? விட்டா அம்மா ஏன்னு கேப்பாக, சபைல பின்மாறிட்டான்னு பேராகும், வரன் வேற பாத்துக்கிட்டு இருக்காக. அதுக்காக மட்டும் பிள்ளைக முன்னாடி நிக்கிறதும் தப்புன்னு தோணுது.

மேலூர் அம்மா:
பாப்பா, உன் எழுத்தப் படிச்சதுமே முழங்கால் போட்டுட்டேன். பேரு வேணாம், கர்த்தருக்கு நீ யாருன்னு தெரியும். ஆனா மனசுல உள்ளத சொல்லிடுறேன் கோவிச்சுக்காத. யாக்கோபு 1:6ல சந்தேகப்படுறவன் காத்துல அடிபட்டு அலையுற கடல் அலைக்கு ஒப்பானவன்னு இருக்கு. சின்னப் பிள்ளைகள இடறப் பண்றவன் கழுத்துல ஏந்திரக்கல்ல, அதான் மாவு அரைக்கிற கல்ல, கட்டி கடல்ல அமிழ்த்துறது நலம்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு, மத்தேயு 18:6. அது எனக்கு எப்பவும் பயம். அதனால கிளாஸ கொஞ்ச நாள் வேற ஆள்கிட்ட குடுத்துட்டு உபவாசம் பண்ணி ஜெபி. எங்க ஜெபக்கூட்டத்துக்கு வேணும்னா வா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. சத்துரு இந்த மாதிரி ஊழியக்கார வீட்டுப் பிள்ளைகளத்தான் குறி வைப்பான்.

நைட்_டூட்டி_நர்ஸ்:
ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன் சிஸ்டர், தூக்கம் எப்படி இருக்கு, ஒழுங்கா சாப்புடுறீங்களா? ஆடிட் சீசன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்துட்டு வந்தா ஜெபம் மட்டும் இல்ல எதுவுமே ஒட்டாது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு கீழ படுத்து சாகணும்னு கேட்டப்ப தூதன் புத்தி சொல்லலயே, சுட்ட அடையும் தண்ணியும் ரெண்டு தடவ குடுத்தான், நடுவுல திரும்ப தூங்கவும் விட்டான் (1 இராஜாக்கள் 19). எல்லாத்துலயும் ருசி போயிருச்சு, அழுகையா வருதுன்னா டாக்டர பாருங்க, அது விசுவாசக் குறைவு இல்ல. அப்படி இல்ல, கேள்வி மட்டுந்தான்னா மத்தவங்க சொல்றத கேளுங்க.

திண்டுக்கல்_ஆர்சி:
நாங்க கத்தோலிக்கர், உங்க சபை முறை எனக்கு முழுசா தெரியாது, ஆனா "அங்கிட்டு யாரும் கேக்குற மாதிரி தோணல"ன்னு எழுதுனீங்கல்ல, அதே மாதிரி அன்னை தெரசா எழுதியிருக்காங்க. அவங்க கடிதங்கள் 2007ல வெளியானப்ப உலகமே அதிர்ந்து போச்சு. 1946ல டார்ஜிலிங் போற ரயில்ல கடவுளோட அழைப்ப கேட்டவங்க, 1950ல கன்னியாஸ்திரிகள் சபை தொடங்குனவங்க, ஆனா தெருவுல வேலைய ஆரம்பிச்ச காலத்துல இருந்து 1997ல சாகுற வரைக்கும், நடுவுல 1958ல கொஞ்ச நாள் தவிர, உள்ளுக்குள்ள இருட்டு, வெறுமை, கடவுள் இருக்காரான்னே கேள்வி. அந்தக் கடிதங்கள அழிச்சிடுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க, அழிக்கல, அதனால நமக்குத் தெரியுது. இதெல்லாம் தெரிஞ்ச பிறகுதான் 2016ல திருச்சபை அவங்கள புனிதர்னு அறிவிச்சுச்சு.

அவங்க யார் பேர எடுத்துக்கிட்டாங்களோ அந்த குழந்தை தெரசாளுக்கும் இதே கதைதான். 1896 ஈஸ்டர் சமயத்துல இருந்து மோட்சம்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகம், அடுத்த வருஷம் 24 வயசுல காசநோய்ல சாகுற வரைக்கும் அது தீரல. எங்க வீட்ல அந்தம்மா படத்துக்கு தினமும் பூ வைக்கிறோம், இந்த விஷயத்த மட்டும் யாரும் சொல்லித் தரல. சின்ன வயசுலயே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அவனியாபுரம்77:
நான் இப்ப நம்பிக்கைல இல்ல, முன்னாடி யூத்ல செயலாளரா இருந்தவன், அத மறைக்காம சொல்லிட்டு பேசுறேன். உங்கள வெளிய இழுக்க வரல. நான் வெளிய வந்ததுக்கு காரணம் கேள்வி இல்லீங்க, கேள்வி கேட்டப்பல்லாம் "ஜெபம் பண்ணு தம்பி"ன்னு மட்டும் பதில் வந்தது. இன்னைக்கும் கிறிஸ்மஸ்க்கு அம்மாவ கூட்டிட்டு சர்ச்க்கு போறேன், பாமாலை பாட்டு கேட்டா தொண்டை அடைக்கத்தான் செய்யுது.

ஆனா ஒண்ணு. உயிர்த்தெழுதல் நடக்கலன்னு உங்களுக்கு உறுதியா தோணுச்சுன்னா அத நடந்த விஷயம்னு பிள்ளைகளுக்கு சொல்லாதீங்க. சந்தேகம் இருக்குன்னா அது வேற. ரெண்டும் ஒண்ணு இல்ல, நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். கல்யாணப் பேச்சுக்காக கிளாஸ்ல இருக்காதீங்க, அது உங்கள உள்ளுக்குள்ள அரிச்சிரும்.

ஓய்வு_ஆயர்:
மகளே, அரசரடி இறையியல் கல்லூரில படிச்சு, மதுரை ராமநாதபுரம் பக்கம் கிராமச் சபைகள்ல ஊழியம் பண்ணி ஓய்வு பெற்றவன் நான். உன் கேள்விக்கு என் பதில், கிளாஸ விடாத. ஏன்னு சொல்றேன்.

மத்தேயு 28ல "நீங்கள் புறப்பட்டுப்போய்"ங்கிற 19ம் வசனத்த மிஷன் ஞாயிறு தவறாம வாசிக்கிறோம். அதுக்கு ரெண்டு வசனம் முன்னால பாரு, அவரைக் கண்டு பணிந்துகொண்டார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்". உயிர்த்தெழுந்தவர கண்ணால பாத்துக்கிட்டு நிக்கிறப்பவே சந்தேகம், அதுவும் ஒருத்தருக்கு இல்ல, சிலருக்கு. இயேசு அவுகள அந்தப் பக்கம் ஒதுங்கி நிக்கச் சொல்லல. பதினோரு பேருக்கும் ஒரே வேலையத்தான் குடுத்தாரு, போய் உபதேசம் பண்ணுங்கன்னு. உபதேசம் பண்றதுதானம்மா சண்டே ஸ்கூல்.

இயேசு உயிர்த்தெழுந்தத பாக்காம நம்ப மாட்டேன்னு சொன்ன சீஷன் தோமாவப் பத்தி எல்லாரும் பிரசங்கம் பண்றோம். யோவான் 20:26 மட்டும் கண்ணுல படாது, எட்டு நாளைக்குப் பின்பு சீஷர்கள் மறுபடியும் வீட்டுக்குள்ள இருந்தாங்க, தோமாவும் அவங்களோட இருந்தான். அந்த ஒரு வாரத்த நினைச்சுப் பாரு. பத்து பேரு பாத்துட்டோம்னு சொல்றாக, ஒருத்தன் நம்ப மாட்டேங்குறான். அவுக அவன வெளிய போடல, அவனும் போகல. ஒரே பூட்டுன கதவுக்குள்ள ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்காக. சபைன்னா அதுதான்னு நான் நம்புறேன், நம்ம சபைக அப்படி இல்லாம போனதுல எனக்கு வருத்தம் உண்டு, அவனியாபுரம் தம்பி சொல்றதப் படிக்கிறப்ப அந்த வருத்தம் இன்னும் கூடுது.

மேலூர் அம்மா அன்போடதான் சொல்றாக. ஆனா யாக்கோபு 1:6க்கு முன்னாடி 5 இருக்குதும்மா, ஞானத்துல குறைவுள்ளவன் தேவன்கிட்ட கேக்கட்டும், அவர் ஒருத்தரையும் கடிந்துகொள்ளாம குடுக்கிறவர்னு. யோவான்ஸ்நானன் ஜெயில்ல இருந்துக்கிட்டு "வருகிறவர் நீர்தானா"ன்னு ஆள் அனுப்பிக் கேட்டாரு. யோர்தான்ல ஞானஸ்நானம் குடுத்த அதே மனுஷன். இயேசு கடிந்துக்கல, குருடர் பார்வையடையுறாக, தரித்திரருக்கு சுவிசேஷம் போகுதுன்னு சொல்லி அனுப்புனாரு, ஸ்திரீகள்ட்ட பிறந்தவங்கள்ல இவன விடப் பெரியவன் இல்லைன்னு ஜனங்ககிட்ட சொன்னாரு. ஜெயில் கதவு திறக்கல, யோவான் அங்கயே வெட்டுப்பட்டாரு, அதையும் மறைக்காம எழுதி வச்சிருக்காக.

மாசி வீதி கேள்விக்கு வர்றேன். பொறந்த வீடு கை காட்டுன வழிங்கிறதால அது பொய்யாயிடாது, உண்மைன்னும் ஆயிடாது, அத நீ நடந்துதான் பாக்கணும். உன் ஆபீஸ் அக்கா அழுகைய பொய்யின்னு நினைக்க வேண்டிய அவசியம் உனக்கு இல்ல. அப்போஸ்தலர் 10ல அப்ப கிறிஸ்தவனா இல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவோட ஜெபம் பேதுரு அந்த வீட்டு வாசல மிதிக்கிறதுக்கு முன்னாடியே தேவ சமுகத்துல எட்டிருச்சு.

கிளாஸ்ல "எனக்குத் தெரியும்"னு சொல்ல முடியாத இடத்துல சொல்லாத. பைபிள்ல இப்படி இருக்கு, சபை இப்படி விசுவாசிக்குது, அக்காவுக்கும் இதுல கேள்வி இருக்குன்னு சொல்லு. இதுல பொய் எங்க இருக்கு? அந்தப் பையன் கேட்ட கேள்வி பைபிளுக்குள்ளயே இருக்கு. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும்னு மூணு தரம் கேட்டாரு, நீங்கல. பவுலும் தன்னோட வேதனைய சரீரத்துல உள்ள முள்ளுன்னு சொல்லி, அது நீங்க மூணு தரம் கேட்டாரு, முள்ளு அப்படியே இருந்துச்சு. கேட்டும் கிடைக்காதவங்க வரிசைல ஆண்டவரே நிக்கிறாரும்மா, அத அந்தப் பையன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப் போற?

மேலூர் அம்மா:
ஐயா சொல்றது சரிதான், நான் வசனம் 5ஐ சேத்து சொல்லியிருக்கணும். பாப்பா, நிப்பாட்டச் சொன்னது தண்டனையா இல்லம்மா, நீ தனியா பாரம் சுமக்கிறியேன்னுதான். ஆனா ஏந்திரக்கல் வசனம் எனக்கு இன்னும் பயம்தான், அத மாத்திக்க முடியல. கிளாஸ் எடுத்தா கூட ஒரு ஆள வச்சுக்க.

பசுமலைப்பொண்ணு:
எல்லாரும் எழுதுனத ஆபீஸ் மாடில நின்னு படிச்சேன். நர்ஸ் சிஸ்டர், தூக்கம் சரியில்லைங்கிறது உண்மைதான், ஆனா கேள்வி அதுக்கு முன்னாடியே வந்துருச்சு, ரெண்டையும் பாக்குறேன். அவனியாபுரம் அண்ணே, நடக்கலன்னு எனக்கு உறுதி இல்ல, நடந்துச்சுன்னும் சொல்ல முடியல, நடந்திருக்கணும்னு ஆசை மட்டும் நிறைய இருக்கு. அப்ப நான் சந்தேகப் பக்கந்தான்.

கிளாஸ விடல. அம்மா சொன்னபடி கூட ஒரு ஆள கேக்கலாம்னு இருக்கேன், எங்க சூப்பரின்டெண்டன்ட் அக்காகிட்ட மட்டும் உள்ளத சொல்லப் போறேன், அது நல்ல அக்கா. வரன் வர்றவுககிட்டயும் இத மறைக்கக் கூடாதுன்னு தோணுது, அப்பாகிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. ஐயா, கெத்செமனே பாடத்த அஞ்சாப்பு பிள்ளைக பயப்படாம எடுக்க முடியுமா?

ஓய்வு_ஆயர்:
தாராளமா முடியும். நீ கதை சொல்லாத, பிள்ளைகளையே வாசிக்க விடு, மத்தேயு 26:36ல இருந்து 46 வரைக்கும். 39, 42, 44 மூணையும் அந்தப் பையனையே வாசிக்கச் சொல்லு. வாசிச்சு முடிச்சதும் விளக்கம் குடுக்க அவசரப்படாத, அவனுக்கு என்ன தோணுதுன்னு கேளு, உன் பதில் புத்தகத்த மூடி வச்சிரு. அப்பாகிட்ட பேசுறதப் பத்தி நாளைக்கு தனியா எழுதுறேன், உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள எனக்கு நல்லாத் தெரியும், உங்கப்பாவுக்கும் இப்படி ஒரு காலம் இருந்திருக்கும், கேட்டுப் பாரு.