தொப்புள் சிரை ரத்த ஓட்டம்: ஒரே குழந்தைக்கு இரண்டு கணக்கு வருகிறது

வணக்கம். மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறேன். சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பிணிகளுக்கு, 28 முதல் 34 வாரம் வரை, தொப்புள் சிரையில் (நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று மூன்று மாதமாக அளந்து வருகிறேன். தொப்புள் தமனி டாப்ளரில் (ரத்த வேகத்தை அளக்கும் ஸ்கேன்) தொல்லையே இல்லை, பிஐ (துடிப்பு ஏற்ற இறக்கத்தின் குறியீடு) ஒத்துப்போகிறது. சிரைதான் படுத்துகிறது.

நேற்று ஒரு 30 வாரக் குழந்தை, எடை சுமார் 1.5 கிலோ. உச்ச வேகம் விநாடிக்கு 22 செ.மீ., சராசரிக்கு அதில் பாதி. விட்டம் 6 மி.மீ., கணக்கு நிமிடத்துக்கு 187 மி.லி. பத்து நிமிடம் கழித்து விட்டம் 5.2 என்று வந்தது, கணக்கு 140க்கு இறங்கிவிட்டது! கணக்கில் வருவது விட்டத்தின் வர்க்கம் அல்லவா, காலிப்பர் (திரையில் அளவெடுக்க வைக்கும் குறி) மயிரிழை நகர்ந்தாலும் போச்சு.

கான்வெக்ஸ் ப்ரோப் (வளைந்த முகப்புள்ள ஸ்கேன் கருவி), வேகம் எடுக்கும்போது ஒலிக்கற்றைக்கும் சிரைக்கும் இடையே கோணம் 30 டிகிரிக்குள். குழந்தையின் மூச்சசைவு நின்ற பிறகே எடுக்கிறேன். படத்தைப் பெரிதாக்கி, கெயினை (படத்தின் பிரகாசத்தை) குறைத்து, மூன்று அளவுகளின் சராசரியும் பார்த்தாயிற்று. அப்புறம் வயிற்றுக்கு வெளியே, பனிக்குட நீரில் மிதக்கும் தொப்புள்கொடியில் முயன்றேன், அது இன்னும் மோசம், சுருண்டுகொண்டே போகிறது.

குழந்தையின் வயிற்றுக்குள் சிரை நேராகப் போகும் பகுதியில், கல்லீரலில் முதல் கிளை பிரியும் முன், விட்டத்துக்குக் காலிப்பரைச் சரியாக எந்த இடத்தில் வைக்கிறீர்கள்?