பழைய மிஷன் படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

அண்ணன், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கடலூரில் எங்கள் சபை வாலிபர்கள் மிஷனெரி ஞாயிறுக்குச் சின்னக் கண்காட்சி ஒன்று வைக்கிறோம். 1740இல் இங்கே ஊழியத்துக்கு வந்து, 1758இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போன சுவீடன்காரர் கீர்னாண்டரைப் பற்றி எழுதியாயிற்று. டேனிஷ் மிஷன் பகுதிதான் காலியாகக் கிடக்கிறது.

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் பக்கம் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஞானஸ்நானச் சீட்டோ, போர்டிங் பள்ளி குரூப் போட்டோவோ இருந்தால் சொல்லுங்கள். ஓரம் கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கே வந்து மொபைலில் படம் எடுத்துக்கொள்கிறோம்; அசல் உங்களிடமே இருக்கட்டும். (கூகுளில் கிடைப்பது வேண்டாம், ப்ளீஸ்.)

அப்புறம், உங்கள் குடும்பத்திலிருந்து யாராவது வடமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ ஊழியத்துக்குப் போயிருந்தால், அவர்கள் அனுப்பிய ஜெபக் கடிதம் ஒன்று போதும். இன்பாக்ஸில் ஊர்ப்பெயர் போடுங்கள், நாங்களே பேசுகிறோம்.